‘போகப் போகப் பழகிடும்’ என்பவர்களுக்கு

செயற்கைக் கால் மாட்டிக்கொண்ட ஒருவர், “இந்த இடத்துல குத்துது, நடந்தா முட்டி வெளிய தள்ளுது” என்று சொன்னால் அவருக்கு நம் ஊரில் கிடைக்கிற பதில் ஒன்றுதான். “புதுசுல அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிடும்.” முகாமில் கால் மாட்டிவிட்டவர் சொல்கிறார். வீட்டுக்கு வந்தால் மனைவி சொல்கிறார், பார்க்க வந்த சம்பந்தி சொல்கிறார். மேடையில் மைக் பிடிப்பவர் இன்னும் ஒரு படி மேலே போய், மன உறுதி இருந்தால் எவரெஸ்ட்டே ஏறலாம் என்கிறார். ஆறுதலாகச் சொல்லப்படுகிற வார்த்தை என்பதால் அதை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. நான் பேசப்போகிறேன். திருச்சியில், பொன்மலையிலும் அரியமங்கலத்திலும் ஸ்ரீரங்கத்திலும் வீட்டுப் பரண்மேல் தூசி படிந்து கிடக்கிற செயற்கைக் கால்களைப் பார்த்தால், உரியவரின் சோம்பலோ பயமோதான் அவற்றை அங்கே ஏற்றியது என்று ஊர் நினைக்கிறது. ஏற்றியதில் இந்த ஆறுதல் வார்த்தைக்கும் பெரிய பங்கு உண்டு.

கால் போடுகிற தொழில்காரர்கள் ‘அலைன்மென்ட்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். முழங்காலுக்குக் கீழே போடும் காலில் மேலே, ‘ஸ்டம்ப்’ எனப்படும் மிச்சக் கால் உட்காரும் சாக்கெட், நடுவே பைப், அடியில் பாதம். மூன்றும் நல்ல சாமானாக இருந்துவிட்டால் கால் நன்றாக இருக்கும் என்பது பொது நம்பிக்கை. ஆனால் அவை ஒன்றுக்கொன்று எந்த இடத்தில், எந்தச் சாய்வில், எந்தத் திருப்பத்தில் நிற்கின்றன என்பதில்தான் நடை இருக்கிறது. சாக்கெட்டை முன்பக்கமாக ஏறக்குறைய 5 டிகிரி சாய்த்துத் தொடங்குவார்கள். பாதத்தைச் சாக்கெட்டின் நடுக்கோட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் போல உள்ளே தள்ளுவார்கள். பாதத்தின் முனை லேசாக வெளிப்பக்கம் பார்க்கும். இவ்வளவும் மேசைமேல் முடிகிற வேலை. பிறகு ஆளை நிற்க வைத்து, இரண்டு பக்க இடுப்பெலும்பும் சம உயரத்தில் இருக்கின்றனவா, குதிகால் முழுதாகத் தரையில் படுகிறதா என்று பார்த்து ஒரு திருத்தம். அதன்பின் நடக்க விட்டு, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலும் பார்த்து இன்னொரு திருத்தம். திருப்பித் திருப்பி நடக்க விடவேண்டிய வேலை அது. மூன்றாவது கட்டமான இந்தத் திருத்தத்தில்தான் கால் அந்த ஆளுக்கு உரியதாகிறது. வெளியே நூறு பேர் வரிசையில் காத்திருக்கும்போது முதலில் அடிபடுவதும் இதுதான்.

அடிபட்டால் என்ன ஆகிவிடும்? பாதம் இருக்கவேண்டிய இடத்தைவிடக் கொஞ்சம் முன்னே போய்விட்டால், அல்லது அதன் முனை கீழ்நோக்கிச் சாய்ந்துவிட்டால், ஒவ்வோர் அடியிலும் முன்பாதம் தரையில் முட்டுக்கொடுத்து முழங்காலைப் பின்னால் தள்ளும். சமதரையில் நடந்தாலும் மேடேறுகிற மாதிரி இருக்கும். பாதம் பின்னே போய்விட்டால் நேர்மாறு. குதிகால் தரையைத் தொட்டவுடன் முழங்கால் மடங்கப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்தத் தொடைத் தசை ஓயாமல் உழைக்கும். அறுபட்ட எலும்பின் முனை சாக்கெட்டின் முன்சுவரில் போய் இடிக்கும். டவுன் பஸ் படியிலிருந்து இறங்கும்போது யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டது போல இருக்கிறது என்று சிலர் சொல்வது இதைத்தான். பாதம் அளவுக்கு மீறி உள்ளே போனால் முழங்கால் வெளிப்பக்கம் பிதுங்கும். கால் ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் நீளமாகிவிட்டால், அதை முன்னே கொண்டுவருவதற்காக நல்ல காலின் விரல்நுனியில் எம்பி எம்பி நடக்க வேண்டிவரும்.

முழங்காலுக்கு மேலே எடுத்தவர்களின் பாடு இன்னும் கஷ்டம். இடுப்பு மூட்டிலிருந்து கணுக்காலுக்கு ஒரு கோடு விட்டால், செயற்கை முழங்காலின் அச்சு அந்தக் கோட்டுக்கு எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே இருக்கிறது என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. முன்னே வந்துவிட்டால் எடை விழுந்த கணத்தில் மடங்கி ஆளைக் கீழே தள்ளும். ரொம்பப் பின்னே வைத்தால் விழமாட்டார், ஆனால் முழங்கால் மடங்க அடம்பிடிக்கும். காலை அரைவட்டமாக வீசி வீசி நடப்பார். அந்த வீச்சைப் பார்த்து, ‘இந்தக் கால் வெச்சவங்கல்லாம் அப்படித்தான் நடப்பாங்க’ என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். அப்படி ஒரு விதி கிடையாது.

இதைப் பொன்மலைக்காரர்களிடம் சொல்வது சுலபம். நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்து 1928-இல் இங்கே வந்த ரயில்வே பணிமனையில் மூன்று நான்கு தலைமுறையாக வேலை பார்த்த குடும்பங்கள் இவை. ஒரு வேகனின் சக்கரச் சோடியில் இடைவெளி மில்லிமீட்டர் கணக்கில் தப்பினாலும் அதை லைனில் ஏற்றமாட்டார்கள். “ஓடட்டும் சார், ஓட ஓட தண்டவாளத்துக்குப் பழகிடும்” என்று எந்த ஃபிட்டராவது சொன்னால் ஷாப்பே சிரிக்கும். ஓடிவிட்டு வந்த பெட்டியையும் சும்மா விடுவதில்லை. இத்தனை மாதத்துக்கு ஒருமுறை பி.ஓ.எச்., அதாவது ‘பீரியாடிக் ஓவர்ஹால்’, என்று கெடு வைத்து இழுத்துவந்து, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, அளந்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே அனுப்புகிறார்கள். இரும்புக்கு இத்தனை மரியாதை செய்கிற ஊரில், மனிதன் காலுக்கு மட்டும் ‘பழகிடும்’ என்ற ஒரு சொல் போதும் என்று ஆனது எப்படி?

பொன்மலைப்பட்டியில் எனக்குத் தெரிந்த ஒருவர், பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர், அந்தச் சொல்லை ஒப்புக்கொள்ளவில்லை. சர்க்கரை வியாதியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. ஒரு முகாமில் கால் கிடைத்தது. இரண்டு மாதம் போட்டுப் பார்த்தார். ஸ்டம்பின் கீழ்முனையில், வெளிப்பக்கமாக, ஐம்பது பைசா அளவுக்குத் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. முழங்காலுக்கு உள்பக்கம் கன்றிச் சிவந்திருந்தது. கேட்ட இடத்தில் எல்லாம் அதே பதில். ஒருநாள் வாசல் நிலையில் ஆணி அடித்து, தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, அதற்கு நேராகக் காலை மாட்டிக்கொண்டு நின்று, மனைவியை எதிரில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். எனக்கும் காட்டினார். “பாருங்க தம்பி, முட்டி நடுவுலேருந்து நூல் விட்டா பாதத்துக்கு வெளிய போயி விழுது. பாதம் உள்ள போயிடுச்சு. அப்ப நான் எடை வைக்கிறப்பல்லாம் முட்டி வெளியதானே போகும்? எலும்பு நுனி அங்கதானே குத்தும்?”

முழுக்கச் சரி. பாதம் உள்ளே போனால் மேலே உள்பக்கமும் கீழே வெளிப்பக்கமும் அழுத்தம் ஏறும் என்பது இந்தப் படிப்பின் தொடக்கப் பாடங்களில் ஒன்று. அந்த மனிதர் புத்தகம் படிக்காமல் நூலும் குண்டும் வைத்துக் கண்டுபிடித்தார். பிறகு வேறோர் இடத்தில், படித்த தொழில்நுட்பர் ஒருவர் அவரைப் பத்தடி நடக்க விட்டுப் பார்த்தார். ஆலன் கீயை எடுத்து, சாக்கெட்டுக்கு அடியிலும் பாதத்துக்கு மேலும் இருந்த சின்னத் திருகுகளில் ஒரு பக்கம் தளர்த்தி எதிர்ப்பக்கம் இறுக்கினார். மறுபடி நடக்க விட்டார், மறுபடி திருகினார். அரைமணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை. புண் ஆறும்வரை கால் போடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். புண் ஆறியது. இப்போது அவர் ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தைக்குப் பையோடு போய்வருகிறார். கூட்டத்தில் யாராவது இடித்தால் நின்று வையவும் செய்கிறார். அவருடைய மன உறுதி முதல் இரண்டு மாதத்திலும் இதே அளவுதான் இருந்தது.

மன உறுதிக் கட்சிக்காரர்கள் இந்த இடத்தில் சுதா சந்திரனை அழைத்துவருவார்கள். 1981 மே மாதம் தமிழ்நாட்டில் நடந்த பஸ் விபத்தில் காயம்பட்டு, பிறகு காலில் அழுகல் ஏறி, வலது கால் எடுக்கப்பட்ட நாட்டியக்காரர். செயற்கைக் காலோடு 1984-இல் மீண்டும் மேடையேறி பரதம் ஆடினார். அவர் வாழ்க்கையைத் தெலுங்கில் ‘மயூரி’ என்று படமாக எடுத்தார்கள், அவரே நடித்தார். அபாரமான மனுஷி, மறுப்பதற்கில்லை. ஆனால் மேடைப் பேச்சுகளில் விபத்து ஒரு வாக்கியம், மேடையேற்றம் அடுத்த வாக்கியம். இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற ஆண்டுகள் காணாமல் போய்விடுகின்றன. அவர் கையில் கிடைத்த காலை மாட்டிக்கொண்டு பல்லைக் கடித்தவரில்லை. ஜெய்ப்பூருக்குப் போய் டாக்டர் பி.கே. சேத்தியைத் தேடிப் பிடித்தவர். அதே 1981-இல் மகசேசே விருது பெற்ற சேத்தியை.

சேத்தியின் கதையே ‘பழகிடும்’ கட்சிக்கு எதிரான சாட்சி. ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் மேல்நாட்டு முறையில் செய்த கால்களை அவர் கொடுத்துப் பார்த்தார். வாங்கிப் போனவர்கள் போட்டுக்கொள்ளவில்லை. அவர்களால் அதோடு குத்தவைத்து உட்கார முடியவில்லை, சம்மணம் போட முடியவில்லை, வெறுங்காலோடு வயலில் இறங்க முடியவில்லை. பழகிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாமல் காலை மாற்றினார். 1960-களின் கடைசியில், ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரோடு சேர்ந்து, ரப்பரில், கால்விரல்கூடத் தெரிகிற மாதிரி, பல திசையிலும் வளைந்துகொடுக்கிற பாதம் ஒன்றைச் செய்தார்கள். சர்மா மருத்துவர் இல்லை. பெரிய படிப்பும் இல்லை. பார்த்துப் பார்த்துச் செதுக்குகிற கையும் கண்ணும் இருந்தன. இன்றைக்கு ‘ஜெய்ப்பூர் கால்’ என்று எழுதிய பேனரின் கீழே நின்றுகொண்டு ‘பழகிடும்’ என்று சொல்பவர்கள், அந்தக் கால் எப்படிப் பிறந்தது என்பதையே மறந்துவிட்டார்கள்.

வெறுங்கால் என்றதும் ஸ்ரீரங்கம் வந்துதானே ஆகவேண்டும். செயற்கைப் பாதங்கள் பலவும் ஒரு குறிப்பிட்ட குதிகால் உயரத்துக்கு அலைன்மென்ட் செய்யப்படுபவை. 1950-களில் அமெரிக்காவின் பெர்க்கிலியில் உருவாகி உலகமெல்லாம் பரவிய ‘சாச்’ பாதம் ஓர் உதாரணம். அதில் அசையும் கணுக்காலே கிடையாது. ஷூ போட்ட நிலையில் சரிபார்த்த கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஷூவில் முன்பக்க அட்டையைவிடக் குதிகால் ஒரு சென்டிமீட்டர் உயரம். ரங்கா ரங்கா கோபுர வாசலில் ஷூவைக் கழற்றுகிறார். குதிகாலிலிருந்து முன்பாதம் வரை 16 சென்டிமீட்டர் என்றால், ஒரு சென்டிமீட்டர் இறக்கம் மூன்றரை டிகிரி சாய்வாகிறது. கணுக்கால் அசையாததால் அந்தச் சாய்வு அப்படியே பைப் வழியாக மேலே ஏறும். தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் முழங்கால் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் பின்னே போய்விடும். அத்தனை பெரிய கோயில், அத்தனை பிரகாரம், வெயில் காய்ந்த கல்தளம். ஒவ்வோர் அடியும் மேடேறுகிற அடி. தாயார் சன்னிதிக்குப் போய்ச் சேருவதற்குள் அவர் வியர்த்து உட்கார்ந்துவிட்டால், கூட வந்தவர்கள் “வயசாயிடுச்சு” என்பார்கள். வயது எங்கே வந்தது? மூன்றரை டிகிரி வந்தது.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. கோயிலுக்கும் வீட்டுக்கும் வெறுங்கால், வெளியே பின்வார் வைத்த தட்டைச் செருப்பு என்று புழங்குகிறவருக்கு அதற்கேற்ற பாதமும் அதற்கேற்ற சாய்வும் வைக்கலாம். ஷூ கட்டாயம் என்றால், கழற்றும்போது குதிகாலுக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன ஆப்பு கொடுக்கலாம். இரண்டுக்கும் முதலில் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: ஐயா, நீங்கள் தினமும் எங்கே நடக்கிறீர்கள், எதைப் போட்டுக்கொண்டு நடக்கிறீர்கள்? வரிசையில் நிற்கும் நூறு பேரிடமும் கேட்க நேரமில்லை என்பதால் ஒருவரிடமும் கேட்பதில்லை. அளவெடுக்கும் நாளில் எந்தச் செருப்போடு வரவேண்டும் என்று முகாம் நோட்டீஸில் போட்டிருந்து நான் பார்த்ததில்லை. யார் தலைமை, யார் முன்னிலை, யார் வாழ்த்துரை என்பது தவறாமல் இருக்கும்.

விஷயம் தெரிந்தவர்களிடமிருந்தும் ஒரு மறுப்பு வரும். அதை ஒதுக்கிவிட முடியாது. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாஹெதியும் கூட்டாளிகளும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப அலைன்மென்ட் செய்தபோது ஒவ்வொரு முறையும் அது வேறாக அமைந்தது. அவற்றில் பலவும் ஏற்கத்தக்கவையாகவே இருந்தன. ஆக, துல்லியமான ஒரே புள்ளி என்று எதுவும் இல்லை, உடம்பு ஒரு பரப்புக்குள் எதையும் ஏற்றுக்கொள்ளும், பிறகு எதற்கு இந்தக் கூச்சல் என்று கேட்கலாம்.

கேட்கலாம்தான். ஆனால் பரப்பு என்று ஒன்று இருந்தால் அதற்கு எல்லையும் உண்டு. பொன்மலைப்பட்டிக்காரரின் பாதம் அந்த எல்லைக்கு வெளியே கிடந்தது. அதோடு, ஏற்கத்தக்கது என்று ஒருவர் எந்தத் தரையில் நடந்து சொன்னார்? 2001-இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். சமதரையில் மட்டும் நடக்கவிடாமல் ஏற்ற இறக்கங்களிலும் நடக்கவிட்டுக் கேட்டபோது, ஏற்கத்தக்க பரப்பு சுருங்கிவிட்டது. சமதரையில் சகித்துக்கொண்ட கோணலைப் படியும் சரிவும் சகிக்கவில்லை.

நம் முகாம்களின் மேடை சமதரை. கம்பளம்கூட விரித்திருப்பார்கள். அதில் பத்தடி நடந்து, கைதட்டல் வாங்கி, போட்டோவுக்கு நின்ற கால், மறுநாள் காலையில் எங்கே போகிறது? பொன்மலைக் குடியிருப்பின் பெயர்ந்த தார் ரோட்டில் போகிறது. அம்மா மண்டபம் படித்துறையின் ஈரப் படிகளில் இறங்குகிறது. ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் திதி கொடுக்க வேண்டியவர் அந்தப் படியில் இறங்காமல் இருக்க முடியாது. வீட்டில் பாயிலிருந்து எழ வேண்டும். டி.வி.எஸ். எக்ஸெல்லின் பின்னால் காலைத் தூக்கிப் போட்டு உட்கார வேண்டும். மலைக்கோட்டையின் நானூறுக்கு மேற்பட்ட படிகளைப் பற்றி நான் பேசவே இல்லை. கழிவறையின் ஒரே ஒரு படியைப் பற்றித்தான் பேசுகிறேன். பகலில் ஊரே பார்க்க நடப்பதைவிட, ராத்திரி இரண்டு மணிக்கு அந்த ஒரு படியில் ஏறி இறங்குவதுதான் பலருக்கும் பெரிய பயம். அலைன்மென்ட் பார்க்கிறவர் ஆளை ஒரு படி ஏற்றி இறக்கிப் பார்க்காமல் அனுப்பினால் வேலை பாதியில் நிற்கிறது.

இனி, ‘பழகிடும்’ என்பதில் இருக்கும் உண்மைக்கு வருகிறேன். ஆமாம், உடம்பு பழகும். அதுதான் ஆபத்து. பாதம் கோணலாக இருந்தால் உடம்பு அந்தக் கோணலைச் சுற்றித் தன்னை வளைத்துக்கொள்ளும். இடுப்பை ஏற்றும், முதுகைச் சாய்க்கும், எடையை நல்ல காலின் மேல் தள்ளும். நாலு மாதத்தில் வலி குறைந்த மாதிரியும் இருக்கும். வலி வேறிடத்துக்குப் போயிருக்கும். கால் இழந்தவர்களுக்கு வருகிற முதுகுவலியும், மிச்சமிருக்கிற ஒற்றைக் காலின் முழங்கால் தேய்மானமும் மருத்துவ உலகம் நன்கறிந்தவை. அலைன்மென்ட் சரியாக இருந்தாலே, முழங்காலுக்குக் கீழே எடுத்தவர் மற்றவர்களைவிடச் சுமார் நாலில் ஒரு பங்கு கூடுதல் சக்தி செலவழித்துத்தான் நடக்கிறார் என்று பாடநூல்கள் சொல்கின்றன. முழங்காலுக்கு மேலே எடுத்தவருக்கு அது பாதியைத் தாண்டும். ஏற்கெனவே இவ்வளவு வரி கட்டுகிறவர்மேல் கோணலுக்கும் ஒரு வரி போடுவதைத்தான் பழக்கம் என்கிறோம்.

சர்க்கரைக்காரர்களிடம் இந்தச் சொல் இன்னும் பெரிய அநியாயம் செய்கிறது. தமிழ்நாட்டில் கால் எடுக்கப்படுவதற்குச் சர்க்கரை பெரிய காரணம் என்பது ஊரறிந்தது. சர்க்கரையில் நரம்பு செத்துப்போனவருக்கு ஸ்டம்பில் உணர்ச்சி மங்கியிருக்கும். தப்பான இடத்தில் அழுத்தினால் அவருக்கு வலிக்காது. “வலி இல்லியே, அப்ப பழகிடுச்சு” என்று நாம் சந்தோஷப்படும் நாளில் சாக்கெட்டுக்குள் தோல் வெந்துகொண்டிருக்கும். சாக்ஸைக் கழற்றிப் பார்க்கும்போது ரத்தம் இருக்கும். அது ஆறாவிட்டால் அடுத்த அறுவை முழங்காலுக்கு மேலே. வலியைக் குறையாகச் சொல்பவரை அடக்கிவிட்டு, வலியே தெரியாதவரைப் பழகிவிட்டார் என்று பாராட்டுகிறோம்.

ஒருமுறை சரியாகப் பொருத்திவிட்டால் ஆயுசுக்கும் சரி என்ற நம்பிக்கையும் இதன் தம்பிதான். காலை எடுத்தபின் முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு ஸ்டம்ப் சுருங்கிக்கொண்டே வரும். வீக்கம் வடியும், தசை மெலியும். சுருங்கினால் ஸ்டம்ப் சாக்கெட்டுக்குள் கீழே இறங்கும், சாக்ஸ் மேல் சாக்ஸாக மாட்டினாலும் எலும்பு தப்பான இடத்தில் போய் உட்காரும், காலின் நீளக் கணக்கே மாறும். இரண்டாம் மாதத்தில் பார்த்த அலைன்மென்ட் எட்டாம் மாதத்தில் வேறு ஆளுடைய அலைன்மென்ட். ஒன்றிய அரசின் ‘அடிப்’ திட்டம் 1981-லிருந்து இருக்கிறது. கான்பூரில் ‘அலிம்கோ’ என்ற அரசு நிறுவனம் 1972-இல் இதற்கென்றே தொடங்கப்பட்டது. நல்ல காரியங்கள். ஆனால் ஒரு கருவி வாங்கியவர் அதே கருவியை மறுபடி கேட்க மூன்று ஆண்டு பொறுக்க வேண்டும் என்று விதி வைத்த கணக்கு ஸ்டம்புக்குத் தெரியாது. அது மாதக் கணக்கில் மாறுகிறது. இடைப்பட்ட காலத்தில் அவருக்கு வேண்டியது புதுக் கால்கூட இல்லை. திருத்துகிற ஒரு கை போதும்.

வசதியுள்ளவர்கள் வேறு விதமாக ஏமாறுகிறார்கள். லட்சக்கணக்கில் கொடுத்து கார்பன் ஃபைபர் பாதம் வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்கிறார்கள். கோணலாக மாட்டிய கார்பன் பாதத்தைவிட நேராக மாட்டிய ரப்பர் பாதம் மேல். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

“இலவசமா குடுத்ததுல குத்தம் சொல்லலாமா?” என்று கேட்பார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்ற பழமொழி நம்மிடம் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் அதைத் தூக்கி எறிய வேண்டும். மாடு சரியில்லை என்றால் பால் குறையும். கால் சரியில்லை என்றால் இன்னொரு காலும் போகும். தவிர, இது தானமே இல்லை. அரசுத் திட்டம் என்றால் நம் வரிப்பணம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிற சொல்லே உரிமைதான். செயற்கைக் கால் சேவைக்கு உலக சுகாதார நிறுவனம் 2017-இல் தரநெறிகள் வெளியிட்டது. ஆளைச் சோதிப்பது, செய்து பொருத்துவது, பயிற்சி கொடுப்பது, கொடுத்த பிறகு தொடர்ந்து பார்ப்பது எல்லாம் சேர்ந்தால்தான் அது சேவை என்கிறது அந்த ஆவணம். நம் முகாம்கள் இரண்டாவதை மட்டும், அதையும் பாதியாகச் செய்துவிட்டு எண்ணிக்கையை பேனரில் போடுகின்றன. அன்பளிப்பாகப் பெற்றவர் நன்றிக்கடனில் வாயை மூடிக்கொள்கிறார். குத்துகிறது என்று சொன்னால் நன்றிகெட்டவன் ஆகிவிடுவோமோ என்ற கூச்சம் அவருக்கு. கொடுத்தவர்கள் அந்த மௌனத்தைத் திருப்தி என்று குறித்துக்கொள்கிறார்கள்.

முகாம் நடத்துகிறவர்களைப் பொல்லாதவர்கள் என்று சொல்லவில்லை. ஒரு ரூபாய் வாங்காமல் லட்சக்கணக்கானவர்களை எழுந்து நிற்க வைத்த அமைப்புகள் இந்த நாட்டில் உண்டு. ஆனால் ஒரே நாளில் அளவெடுத்து, பைப்பைச் சூடாக்கி வார்த்து, பாதத்தைத் திருகாணி போட்டு இணைத்துக் கையில் கொடுத்துவிட்டால், பிறகு அதன் கோணத்தைத் திருத்துவது சாமானியமில்லை. ஆலன் கீயால் திருத்தக்கூடிய கூம்புவடிவ இணைப்பு 1969-லேயே ஜெர்மனியின் ஓட்டோபாக் நிறுவனத்தால் வந்துவிட்டது. அதே கொள்கையில் செய்த மலிவான இணைப்புகள் இன்று இந்தியாவிலும் கிடைக்கின்றன. திருத்த முடியாத காலைக் கொடுத்தால் ‘பழகிடும்’ என்று சொல்வதைத் தவிர வேறு வழியும் இருக்காது.

ஆள் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தவர்கள்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று 1992-லிருந்து சட்டம் இருக்கிறது. நான்கரை ஆண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே டாக்டர் மேரி வர்கீஸ் கட்டியெழுப்பிய மறுவாழ்வு மையத்துக்கு அறுபது வயது ஆகிறது. அதனால் அறிவுக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. படித்தவர்களை ஊரில் உட்கார வைக்கிற ஏற்பாட்டுக்குத்தான் பஞ்சம். போருக்கு நடுவில், 1987-இல், யாழ்ப்பாணத்தில் ஒரு ஜெய்ப்பூர் கால் மையத்தைத் தொடங்கி ஊரிலேயே பட்டறை வைத்தார்கள். கால் தளர்ந்தால், சாக்கெட் பெரிதானால் போய்க் கதவைத் தட்ட ஓர் இடம். ஷெல் விழுந்துகொண்டிருந்த ஊரில் முடிந்தது, மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையும் ரயில்வே மருத்துவமனையும் இருக்கிற திருச்சியில் ஏன் முடியாது?

நான் கேட்பது பெரிய திட்டமில்லை. கொடுக்கிற ஒவ்வொரு காலுக்கும் ஒரு பி.ஓ.எச். அட்டை. கொடுத்த ஒரு மாதத்தில், மூன்று மாதத்தில், ஆறு மாதத்தில், பிறகு ஆண்டுக்கொரு முறை என்று தேதி போட்டு, கோட்டத்துக்கு ஓர் இடத்தில், ஒரு படிக்கட்டும் ஒரு சரிவும் ஒரு கண்ணாடியும் வைத்த ஓர் அறை. பதிவுபெற்ற ஒரு தொழில்நுட்பர். புதுக் கால்களின் எண்ணிக்கையோடு, கொடுத்து ஓராண்டான கால்களில் எத்தனை இன்னும் நடக்கின்றன என்ற எண்ணிக்கையையும் மாவட்ட நிர்வாகம் வெளியிட வேண்டும். இரண்டாவது எண் வெளியே வரத் தொடங்கினால் முதல் எண்ணைப் பேனரில் போடுகிற ஆசை தானாகக் குறையும்.

அதுவரைக்கும், உங்கள் வீட்டுப் பரணில் ஒரு கால் இருந்தால் இறக்குங்கள். தூசி தட்டுங்கள். யாரும் தாங்களாகவே திருகைத் தொட வேண்டாம். பொன்மலை ஃபிட்டரும் தூக்குக்குண்டோடு நிறுத்திக்கொண்டார். காலைக் கொடுத்த இடத்துக்கோ, அரசு மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவுக்கோ, கலெக்டர் ஆபீஸில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கோ எடுத்துப் போங்கள். தினமும் போடுகிற செருப்பையும் கூட எடுத்துக்கொள்ளுங்கள். ‘கால் சரியில்லை’ என்று பொதுவாகச் சொல்லாமல், “அலைன்மென்ட் பாக்கணும்” என்று அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள். வலிக்கிற இடத்தை விரல் வைத்துக் காட்டுங்கள். படியில் ஏறி இறங்கிக் காட்டுகிறேன் என்று நீங்களே சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் ‘பழகிடும்’ என்று ஆரம்பித்தால், நன்றி சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்திருங்கள்.